நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுறது?

போன வாரம் ரெண்டு வீடியோ பார்த்தேன். பார்த்ததுல இருந்து மனசு ஆறல.

சிமெண்டு தொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர் சொல்றாரு: "மீன்குஞ்சுக்குக் காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நாள்ல சல்லி." அடுத்த வீடியோவுல இன்னொருத்தர், "ஆறு தடவை போடுங்க, எட்டு தடவை போடுங்க, போடப் போட வளரும்"ங்குறாரு.

ரெண்டு பேருமே ஒண்ணைக் கேட்கல.

எந்த ஊரு? தண்ணி எவ்வளவு சூடு? குஞ்சு எவ்வளவு பெருசு? என்ன மீன்?

இது எதையும் கேட்காம எண்ணிக்கை மட்டும் சொல்றவங்களை நம்பி எங்க ஆளுங்க கைக்காசைப் போடுறாங்க. அதான் இந்தப் பதிவு. (நீளமாத்தான் வரும். ஒரு பிளேன்டீ ஊத்திக்கிட்டு வந்து உட்காருங்க.)

நான் இருக்கிறது வெலிமடைப் பக்கம். கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டர் உயரம். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா. கீழ உமா ஓயா ஓடுது. மரக்கறிக்குத் தண்ணி இறைக்கத் தோண்டின குழி, தோட்டத்துப் பழைய தண்ணித் தொட்டி, ஓடையை மறிச்சுக் கட்டின சின்னத் தேக்கம்னு தண்ணி நிக்கிற இடம் எங்க பக்கம் நிறைய. அதுல நாலு மீன் விட்டா என்னங்கிற ஆசை பலருக்கு இருக்கு.

எனக்கு அந்த ஆசை ரொம்பவே உண்டு. ஏன்னு சொல்லிடுறேன். 2016ல எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வுல, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க நூத்துக்கு 17.3 பேர். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்தா 31.7 பேர். மூணுல ஒரு பிள்ளைன்னு வைங்க. லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) மீனுன்னா கருவாடு, இல்லாட்டி டின் மீன். கடல் மீன் லொறியில மலை ஏறி வர்றதுக்குள்ள விலையும் கூடவே ஏறிடும். வீட்டுக்குப் பின்னால இருக்கிற தொட்டியில இருந்து வாரத்துல ஒரு நாள் பச்சை மீன் சட்டிக்கு வந்தா, அது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். அதனாலதான் குஞ்சு வளர்க்குற விஷயத்துல யாராவது வாய்க்கு வந்ததைச் சொன்னா எனக்குக் கோவம் வருது.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

நம்ம நாட்டுல நன்னீர் மீன் வளர்ப்பு அறிவு முழுக்க வளர்ந்தது கீழ்நாட்டுக் குளங்களை ஒட்டித்தான். திலாப்பியாவை 1952ல கொண்டுவந்து விட்டாங்க, அது வரண்ட பிரதேசத்துக் குளங்கள்ல பெருகிடுச்சு. 1990ல அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தினதும், 1994ல திரும்பவும் ஆரம்பிச்சதும் பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1999ல 'நெக்டா' வந்துச்சு (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை). உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை... குஞ்சு பொரிக்க வைக்குற இந்த ஊருங்களைப் பாருங்க. எல்லாம் வெயில் காயுற ஊரு. அங்க தண்ணி 28, 30 பாகைன்னு நிக்கும். தீனி மூட்டையில அச்சடிச்சிருக்கிற அளவும் அந்த மாதிரி சூட்டை மனசுல வச்சு எழுதினதுதான்.

வெலிமடைத் தண்ணிக்கு அந்த அட்டவணையை அப்படியே போட்டா வேலைக்கு ஆகாது. இதை நான் ரெண்டு தொட்டியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் சொல்றேன்.

ஒரே பையில வந்த திலாப்பியாக் குஞ்சு. ஆளுக்குப் பாதியா ரெண்டு தொட்டிக்கும் பிரிச்சு விட்டேன். ஒரே தீனி, ஒரே நிறை. ஒரு தொட்டிக்கு அதை ரெண்டாப் பிரிச்சுப் போட்டேன், மத்த தொட்டிக்கு நாலாப் பிரிச்சுப் போட்டேன். மொத்தத் தீனியைக் கூட்டல. (இதைத் தனியாச் சொல்லக் காரணம் இருக்கு. 'கூடத் தடவை'ன்னா 'கூடத் தீனி'ன்னு நினைச்சுக்கிட்டுத் தண்ணியை நாறடிக்கிறவங்க நிறையப் பேரு.)

கணக்கை ஒருக்காப் போட்டுக் காட்டிடுறேன். ரெண்டு கிராம் குஞ்சு 500 இருக்குன்னு வைங்க. மொத்தம் ஒரு கிலோ மீன். அந்த வயசுக் குஞ்சுக்கு உடம்பு நிறையில நூத்துக்கு எட்டுன்னு எடுத்தா, நாளைக்கு 80 கிராம் தீனி. நாலு தடவைன்னா தடவைக்கு 20 கிராம், ரெண்டு தடவைன்னா 40 கிராம். குஞ்சு அஞ்சு கிராம் ஆனதும் மொத்தம் ரெண்டரைக் கிலோ. அப்ப வீதம் அஞ்சுக்கு இறங்கும். நாளைக்கு 125 கிராம். வளர வளர உடம்புக்கான வீதம் குறையும், போடுற மொத்தம் கூடும். வாரம் ஒருக்கா கொஞ்சக் குஞ்சை வலையில அள்ளி நிறுத்துப் பார்த்தாத்தான் இது சரியா வரும். கண்ணால மதிப்புப் போட்டா எப்பவும் கூடத்தான் போடுவோம்.

வெயில் காலத்துல, அதாவது பங்குனி, சித்திரை மாசத்துல, நாலு தடவைத் தொட்டி நல்லா வந்துச்சு. சராசரி நிறையில வித்தியாசம் தெரிஞ்சது. ஆனா அதைவிட என் கண்ணுல பட்டது வேற ஒண்ணு.

குஞ்சுங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு!

ரெண்டு தடவைத் தொட்டியில அப்படி இல்ல. தடிச்ச பயலுக நாலஞ்சு பேரு, நடுவுல ஒரு கூட்டம், ஓரத்துல மெலிஞ்சு போன ஒரு கூட்டம். தீனி ஒரே நேரத்துல வந்து விழுறப்ப நின்னு பார்த்தா காரணம் புரிஞ்சிடும். பெருசுங்க நடுவுல புகுந்து அள்ளிடும், சிறுசு ஓரமா ஒதுங்கி நிக்கும். அது கிட்ட வர்றதுக்குள்ள தூள் தீனி நனைஞ்சு, சத்து தண்ணியில கரைஞ்சு, அடியில போய்ப் படிஞ்சிடும். அடுத்த தீனி சாயங்காலம். அதுவரைக்கும் சிறுசுக்குப் பட்டினி. இது தினமும் நடந்தா, பெருசு இன்னும் பெருசாகும், சிறுசு அப்படியே நிக்கும். வித்தியாசம் கூடிப்போனா பெருசு சிறுசைத் தின்னவும் செய்யும். திலாப்பியாக் குஞ்சுல இது உண்டு. "குஞ்சு எல்லாம் எங்க போச்சு, கொக்கு தூக்கிடுச்சு போல"ன்னு சொல்றவங்க தொட்டிக்குள்ளயும் ஒருக்கா நல்லாப் பார்க்கணும்.

கொஞ்சம் கொஞ்சமாப் பல தடவை விழுந்தா முதல் தடவை பெருசு தின்னுட்டு ஒதுங்கும், அடுத்த தடவை சிறுசுக்கும் வழி கிடைக்கும். தீனித் தடவையைப் பத்திப் பேசுறவங்க 'எவ்வளவு வளருது'ன்னு மட்டும் பேசுறாங்க. 'எல்லாம் ஒண்ணா வளருதா'ங்குறதுதான் குஞ்சு வளர்க்குறவனுக்குப் பெரிய கேள்வி. ஏன்னா அவன் விக்கப்போறது அளவா வந்த குஞ்சைத்தான்.

இப்ப வயித்து விஷயம்.

திலாப்பியாவுக்கு வயிறு சின்னது. இயற்கையில அது நாள் முழுக்கப் பாசியைக் கொறிச்சுக்கிட்டே திரியுற மீன். ஒரே வேளையில நிறையத் தின்னு வச்சுக்கிற உடம்பு அதுக்கு இல்ல. அமெரிக்காவுல செஞ்ச ஆய்வு ஒண்ணு 2004ல வந்துச்சு. 28 பாகைத் தண்ணியில திலாப்பியாவுக்கு வயிறு நிறையத் தீனி கொடுத்துட்டு, திரும்ப எப்பப் பசிக்குதுன்னு பார்த்தாங்க. நாலு மணித்தியாலம் கிட்ட ஆகுது. அதுக்கு முன்னால, ரெண்டு மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வயிறு நிறையப் போட்டா, முன்னால தின்னது செரிக்காமலே அடுத்தது உள்ள தள்ளுது. தீனி வீண். "போடப் போட வளரும்"னு சொன்ன அந்த ரெண்டாவது வீடியோக்காரருக்கு இதுதான் பதில்.

(கவனிங்க: அது வயிறு நிறையத் தின்ன மீனுக்கான கணக்கு. கால் வயித்துக்குப் போட்டா அதுக்கு முன்னாலயே பசிக்கும். அதனால சின்னச் சின்னப் பங்கா நாலு தடவை போடுறதுல தப்பு இல்ல.)

கெண்டை வேற ஜாதி. சாதாக் கெண்டை, ரோகு, கட்லா எதுக்குமே வயிறுன்னு ஒரு பை கிடையாது. தொண்டையில இருந்து நேரா குடல். தின்னதைச் சேர்த்து வைக்க இடமே இல்ல. அதனால கெண்டைக் குஞ்சுக்குப் பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. ரெண்டே வேளை கொட்டினா நிறைய செரிக்காமலே பின்னால வந்துடும்.

ட்ரவுட்டுக்கு நல்ல வயிறு இருக்கு. வெள்ளைக்காரன் 1880கள்ல நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடையில விட்டானே, அந்த மீன்தான். அதுலயும் முட்டையில இருந்து பொரிஞ்சு வந்து தீனி எடுக்க ஆரம்பிச்ச குஞ்சுக்கு மணித்தியாலத்துக்கு ஒருக்காங்கிற கணக்குல போடுறாங்க, வளர்ந்ததும் ரெண்டு மூணு தடவையா குறைச்சுடுறாங்க. ஆக எந்த மீனானாலும் சிறுசுக்கு அடிக்கடி வேணும். ஒரு கிராமுக்குக் கீழ உள்ள குஞ்சோட உடம்புல சேமிப்புன்னு ஒண்ணுமே இல்ல, அதுக்கு ஒரு நாள் பட்டினி பெரிய அடி. கை அளவு மீனுக்கு வாரத்துல ஒரு நாள் தீனியை நிறுத்தினாலும் ஒண்ணும் ஆகாது.

இதெல்லாம் புத்தகத்துலயும் இருக்கு. புத்தகம் நம்ம ஊருக்குச் சொல்லாதது இனிமேதான் வருது.

ஐப்பசி, கார்த்திகை. ஊவாவுக்கு மழை கொட்டுற காலம். மார்கழி, தையில ராத்திரிக் குளிரு. காலையில தொட்டியில கையை விட்டா வெரல் விறைக்கும். அந்தக் காலத்துல நாலு தடவைத் தொட்டியும் ரெண்டு தடவைத் தொட்டியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. இன்னும் சொல்லப்போனா நாலு தடவைத் தொட்டியிலதான் அடியில கசடு கூட. காலைத் தீனி அப்படியே மிதந்துக்கிட்டுக் கிடக்கும், ஒரு குஞ்சும் மேல வராது.

பதுளையில அலங்கார மீன் விக்கிற கடையில ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். கண்ணாடிக் குச்சி, மலிவான சாமான். காலையில ஏழு மணிக்கு ஒரு பார்வை, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பார்வை. குளிர் மாசத்துல காலைத் தண்ணி 17, 18ல நிக்குது. மத்தியானம் வெயில் அடிச்சா நாலஞ்சு பாகை ஏறுது. அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துடுச்சு.

மீனுக்கு நம்மளை மாதிரி உடம்புச் சூடு கிடையாது. தண்ணி எவ்வளவு சூடோ அதோட உடம்பும் அவ்வளவு. தண்ணி பத்துப் பாகை இறங்கினா செரிமானம் பாதி வேகத்துக்கு வந்துடும், அதுக்குக் கீழயும் போகும். திலாப்பியா நல்லா வளருறது 28க்கு மேல. 20க்குக் கீழ போனா தீனியில நாட்டம் விட்டுடும். 16, 17ல தின்னுறதையே நிறுத்திடும். உடவளவையில நாலு மணித்தியாலத்துல பசிக்கிற மீனுக்கு இங்க மார்கழியில அரை நாள் போனாலும் பசிக்காது. அதுக்கு நாலு தடவை போட்டு என்ன பிரயோசனம்?

விடியக்காலையில போடுறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. ராத்திரி முழுக்கப் பாசியும் மீனோட சேர்ந்து ஒட்சிசனை இழுக்கும். அதனால தண்ணியில ஒட்சிசன் ரொம்பக் குறைஞ்சு நிக்கிறது சூரியன் வர்ற நேரத்துலதான். தின்ன மீனுக்குச் செரிக்கக் கூட ஒட்சிசன் வேணும். ரெண்டும் ஒண்ணா வந்தா குஞ்சு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பனிமூட்டம் நாள் முழுக்க விலகாத நாள்ல பாசிக்கும் வெயில் இல்ல, பகல்லயும் ஒட்சிசன் ஏறாது. அந்த நாள் தீனியைப் பாதியாக் குறைங்க. மீதித் தீனி அழுகி வர்ற அமோனியா வேற சேர்ந்தா குஞ்சு தாங்காது.

அதனால இப்ப நான் செய்யுறது இதுதான். வெயில் மாசத்துல நாலு தடவை: ஒன்பது மணி, பதினொன்றரை, ரெண்டு, நாலரை. குளிர் மாசத்துல ரெண்டே தடவை: பதினொன்றரைக்கு ஒண்ணு, ரெண்டரைக்கு ஒண்ணு. மொத்தத் தீனியையும் குறைச்சுடுறேன். தண்ணி 18ஐத் தாண்டாத நாள்ல ஒரே ஒரு தடவை, மத்தியானம், அதுவும் கொஞ்சமா. அஞ்சு பத்து நிமிஷத்துல தின்னு முடிக்காத தீனி கூடிப்போன தீனி.

வீடியோக்காரர் சொன்ன "காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி" இருக்கே, எங்க ஊருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. அந்தக் காலைப் பிடி, நாளைக்கே குளிரான நேரத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கு.

"நாலு தடவை போடுறதுக்கு யாரு வீட்டுல இருக்காங்க?"

இந்தக் கேள்வியை எங்க தோட்டத்து அக்கா ஒருத்தவங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போனா, கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வர நாலரை ஆகும். புருஷன் மரக்கறித் தோட்டத்துல கூலி. அதனாலதான் எல்லாரும் காலை, சாயங்காலம்னு வச்சுக்கிறாங்க. மீனுக்கு வசதியான நேரம் அது கிடையாது, ஆளுக்கு வசதியான நேரம்.

நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த வீட்டு நாளைப் பிரிச்சுப் பார்த்தோம். ஒன்பது மணிக்கு அம்மாயி இருக்காங்க. பகல் சாப்பாட்டுக்கு அக்கா லயத்துக்கு வந்துட்டுப் போறாங்க. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும், ரெண்டு மணிக்கு மகன் வந்துடுவான். நாலரைக்கு அக்காவே. நாலு நேரம் வந்துடுச்சு! தினமும் காலையில தீனியை நிறுத்து நாலு சின்ன டப்பாவுல போட்டு வச்சுட்டாப் போதும். டப்பா காலியா இருந்தா போட்டாச்சுன்னு அர்த்தம். ரெண்டு பேரு ஒரே வேளைக்குப் போட்டுடுற தொல்லை இல்ல. அம்மாயி சொன்னது: "எனக்கு டீவியைவிட இது நல்லா இருக்கு, கூப்பிட்டா வருதுங்க." நேரம் தப்பாமப் போட்டா குஞ்சுங்க நேரத்தைப் பழகிடும், டப்பாச் சத்தம் கேட்டாலே மேல வரும். வராத அன்னைக்கு என்னமோ சரியில்லன்னு உடனே தெரிஞ்சிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆளு கையால போடுறது நல்லது.

ஆளே இல்லாத வீட்டுக்கு ஆந்திராவுல ஒரு வழி வச்சிருக்காங்க. கொல்லேறு ஏரியைச் சுத்தி ரோகு, கட்லா வளர்க்குறவங்க, பழைய உரச்சாக்குல ஓட்டை போட்டு, உள்ள தவிடும் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, குளத்துல மூங்கிலை நட்டு அதுல கட்டித் தொங்கவிடுறாங்க. மீன் வந்து ஓட்டை வழியா உறிஞ்சித் தின்னுட்டுப் போகும். தனக்கு வேணும்கிறப்ப வரும், வேணாம்னா போகும். வீசுற தீனி அடியில போய் வீணாகுறதும் இதுல கம்மி.

அது பெரிய மீனுக்குச் செய்யுற முறை. நான் கெண்டைக் குஞ்சுக்கு அதையே சின்னதாக்கிச் செஞ்சு பார்த்தேன். அரிசித் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், பிடிப்புக்குக் கொஞ்சம் கோதுமை மா. ஆவியில வேக வச்சு உருட்டி, வெங்காயம் வர்ற வலைப்பையில போட்டு, வெயில் படுற மூலையில தொங்கவிட்டேன். கெண்டைக் குஞ்சு நல்லாப் பிடிச்சுக்கிச்சு. சாயங்காலம் மிச்சத்தை எடுத்துடணும், மறந்தா தண்ணி கெட்டுடும். திலாப்பியாவுல இது அவ்வளவு சரிவரல. ஒரு தடியன் பைக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு மத்ததை விரட்டுறான். ரெண்டு மூணு பையா, தள்ளித் தள்ளிக் கட்டினதும் கொஞ்சம் சரியாச்சு.

இன்னொண்ணும் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். எங்க உயரத்துக்குத் திலாப்பியாவைவிடச் சாதாக் கெண்டைதான் தோதான மீன். 20, 22 பாகையில திலாப்பியா சோம்பிக் கிடக்கும், கெண்டை தின்னுக்கிட்டுத் திரியும். திலாப்பியாவைச் சித்திரையில விட்டு ஐப்பசி மழைக்கு முன்னால எடுத்துடுறதா இருந்தாச் சரி. வருஷம் முழுக்க வைக்கணும்னா கெண்டையை விடுங்க. கெண்டையில முள்ளு கூடன்னு சொல்லுவாங்க, வாஸ்தவம்தான். மெல்லிசா கீறல் போட்டுப் பொரிச்சா சின்ன முள்ளு எல்லாம் முறுகிடும்.

(தொட்டி மரக்கறித் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்தா, மருந்தடிச்ச தண்ணி மழையோட வந்து விழாம மேல்பக்கத்துல கானை வெட்டித் திருப்பி விடுங்க. உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மருந்து உள்ள வந்தா நீங்க எத்தனை தடவை தீனி போட்டும் பிரயோசனம் இல்ல.)

தீனி விலை உங்களுக்குத் தெரியும். 2022ல ரூபா விழுந்தப்ப ஏறினது ஏறினதுதான். குஞ்சு வளர்க்குறதுல பெரிய செலவே தீனிதான். பசிக்காத மீனுக்குப் போடுற ஒவ்வொரு கரண்டியும் பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டிய சல்லி.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். புதுசா ஆரம்பிக்கிறவங்க தீனி மூட்டை வாங்குறதுக்கு முன்னால தெர்மாமீட்டர் வாங்குங்க. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில காலைச் சூடு, மத்தியானச் சூடு, போட்ட தீனி, மிஞ்சின தீனின்னு எழுதி வாங்க. தோட்டப் பாடசாலையில விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர்மார், சேர்மார் யாராவது இதை வாசிச்சா, பிள்ளைகளை வச்சே இதைச் செய்ய வைக்கலாம். பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலைன்னு ஒவ்வொரு உயரத்துலயும் தண்ணி வேற வேற சூட்டுல இருக்கும். நாம ஆளுக்கொரு கொப்பி எழுதினா ஊவாவுக்குன்னு நம்ம கையாலயே ஒரு தீனி அட்டவணை போட்டுடலாம். என் கொப்பி இருக்கு, கேட்கிறவங்களுக்குத் தாரேன்.